கரண்டடுப்பில் இட்ட காரம்

மிளகாய்ப்பொடியைத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் கிளம்புகிற ஆவியை முகர்ந்திருக்கிறீர்களா? தாளிக்கும்போது வரும் நெடி வேறு, இது வேறு. தாளிப்பில் எண்ணெய் இருக்கும், கடுகு இருக்கும், இருமிக்கொண்டே சிரிக்கவும் முடியும். இந்த வெறும் ஆவியோ தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, கண்ணிலும் மூக்கிலும் ஒரே நேரத்தில் நீரை வரவழைத்து, பேச வாயெடுத்தவரைப் பேசவிடாமல் செய்துவிடும். எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது, கேரள எல்லைக்குள் கொல்லயில் என்ற ஊரில் இருந்த எங்கள் அப்பாவின் குடும்ப வீட்டில், விருந்துக்கு வந்தவர்களையும் விருந்து வைத்தவர்களையும் சேர்த்து இந்த ஆவி முற்றத்துக்கு விரட்டியது. கிளப்பிவிட்டவள் என் அம்மா. கால் நூற்றாண்டாக எங்கள் சொந்தத்தில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காத விசேஷமே கிடையாது. அவர்கள் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, அதனால் இன்று நானே சொல்கிறேன்.

மஸ்கட்டில் வேலை பார்த்த பெரியப்பா ஒரு லீவுக்கு வந்தபோது மைக்ரோவேவ் ஓவன் ஒன்றைக் கொண்டுவந்தார். வீட்டில் அதற்குக் கிடைத்த பெயர் "கரண்டடுப்பு". வருகிறவர் போகிறவர் பார்க்கட்டும் என்று அதை அடுக்களையில் வைக்காமல், சாப்பாட்டு மேசைக்கு எதிரே, பூப்போட்ட துணி விரித்து உட்கார்த்தினார்கள். தீயில்லை, புகையில்லை, கரியில்லை, ஆகவே அழுக்கும் இல்லை என்று பெரியப்பா சொன்னதை எல்லோரும் நம்பினோம். இரண்டே நாளில் மூடாமல் வைத்த மீன்கறி உள்ளே வெடித்து மேல்தகடெல்லாம் மஞ்சளாகத் தெறித்தது, பால் பொங்கிக் கண்ணாடித் தட்டின் அடியில் போய்க் காய்ந்தது, யாரோ வைத்த முட்டை துண்டு துண்டாகக் கதவில் ஒட்டிக்கொண்டது. சூடாக்க ஒன்பது பேர் இருந்த வீட்டில் துடைக்க ஒருத்திதான் இருந்தாள்.

அது ஏன் என் அம்மா என்று கேட்பீர்கள். அம்மா திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் பக்கத்துப் பெண். சபை வழியாகப் பேசி முடித்த கல்யாணம். நெய்யாற்றின்கரையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த அப்பா, வீட்டில் கடைக்குட்டி, வாய் திறந்து பேசியதை நான் கேட்டதே குறைவு. அந்த வீட்டில் அம்மாவுக்கு "குளோரி" என்று ஒரு பெயர் இருந்தது, தமிழ்நாட்டுக்காரி என்பதை ஏளனமாகச் சொல்லும் "பாண்டிச்சி" என்று இன்னொரு பெயரும் இருந்தது. இதில் எனக்கு இன்றும் ஆறாத கோபம் என்னவென்றால், அப்படிச் சொன்னவர்களும் தமிழர்கள்தான். எங்கள் தாத்தா வாசித்தது தமிழ் வேதாகமம், அவர் கல்லறையில் வெட்டியிருப்பதும் தமிழ் எழுத்து. அவருடைய பிள்ளைகளோ விருந்துக்கு மலையாளத்தையும் சண்டைக்குத் தமிழையும் வைத்துக்கொண்டு, ரெண்டுக்கும் தமிழையே வைத்திருந்த என் அம்மாவைப் பட்டிக்காடு என்றார்கள். எல்லோரையும்விட அதிகம் சொன்னவர் மாமி. மாமி என்றால் அப்பாவின் அக்கா, அரசாங்க ஆபீசில் வேலை. அவருடைய கணவரும் கல்ஃபில் இருந்ததால் மகனோடு எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. திருவனந்தபுரத்திலிருந்து பெரியப்பாவின் மஸ்கட் நண்பர் குடும்பத்தோடு வந்திருந்தார். விடியும் முன்பே அடுக்களைக்குள் போன அம்மா ஆராதனைக்குக்கூட வரவில்லை. பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கரண்டடுப்புக்கு வந்ததும், பெரியப்பா பெருமையோடு எழுந்து அதன் கதவைத் திறந்து காட்டினார். காலையில் யாரோ சூடாக்கிய நெய்மீன் கறி உள்ளே நாலு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்றம் மேசை வரைக்கும் வந்தது. விருந்தாளி அம்மாள் கைக்குட்டையை எடுத்தார். மாமியின் முகம் கறுத்துவிட்டது.

"குளோரீ" என்று கூப்பிட்டு, கரண்டி பிடித்த கையோடு வந்து நின்ற அம்மாவிடம், விருந்தாளிகளுக்கும் கேட்கிற குரலில், "இதில் கொறச்சு காரம் இட்டு, வெள்ளம் வச்சு, அஞ்சு மினிட்டு ஓணாக்கு. எந்நிட்டு துடச்சா மதி" என்றார். கொஞ்சம் காரம் போட்டுத் தண்ணீர் வைத்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு துடைத்தால் போதும் என்று அர்த்தம்.

"காரமா, மதினி?" என்று அம்மா கேட்டாள்.

"காரம் தன்னெ. காரம் எந்தாணெந்நு அறிஞ்ஞூடே?" என்று, காரம் என்றால் என்னவென்றுகூடத் தெரியாதா என்று கேட்ட மாமி, விருந்தாளிகள் பக்கம் திரும்பி, "பாண்டியாணே, பறஞ்ஞாலொந்நும் மனசிலாவில்லா" என்று சிரித்தார். பாண்டிக்காரி, சொன்னால் ஒன்றும் புரியாது என்று அர்த்தம். அவர்களும் மரியாதைக்குச் சிரித்தார்கள்.

"தெரியும் மதினி" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள். பின்னாலேயே போன என்னை, "ஏட்டி, நீ முத்தத்துல போயி வெளையாடு" என்று விரட்டினாள். நான் எங்கே போனேன், வெளியே சுற்றிவந்து சாப்பாட்டு அறை ஜன்னலில் தொங்கிக்கொண்டேன். அம்மா ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து உள்ளே வைத்தாள். தண்ணீர் சிவப்பாக இருந்தது. கதவைச் சாத்திப் பொத்தானை அமுக்கினாள், ஐந்து நிமிடம் அசையாமல் பக்கத்திலேயே நின்றாள், மணி அடித்ததும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கதவை அகலத் திறந்தாள். மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. முற்றத்துத் தென்னையைப் பிடித்துக்கொண்டு விருந்தாளி இருமினார், பெரியம்மை கிணற்றடியில் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தார், பெரியப்பாவுக்குக் கண் திறக்கவில்லை. மாமிக்குப் போன மூச்சு வந்ததும், அத்தனை விருந்தாளிகளுக்கும் முன்னால், பச்சைத் தமிழ் வெளியே வந்தது. "எட்டி, ஒனக்கு என்ன கேடாக்கும்? வத்தப்பொடியவா கலக்கி வச்ச?"

"நீங்கதானே மதினி காரம் போடச் சொன்னீங்க" என்றாள் அம்மா.

மலையாளத்தில் காரம் என்றால் சோடா. அப்பத்து மாவுக்குப் போடுவது அப்பக்காரம், துணிக்குப் போடுவது அலக்குகாரம். தமிழில் காரம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வேதியியல் பாடத்தில் அமிலமும் காரமும் வரும் என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வராதீர்கள், எந்த ஊர் அடுக்களையில் அமிலம் என்று பேசுகிறார்கள்! சொன்னவர் ஒரு மொழியில் சொன்னார், கேட்டவள் தன் மொழியில் கேட்டாள். இதில் கேட்டவள் மட்டும் எப்படி முட்டாள் ஆவாள்? ஆனால் ஆக்கிவிட்டார்கள். பெரியப்பா அன்று சாயங்காலமே தீர்ப்புச் சொன்னார். "குளோரி, இனி நீ இதுக்க பக்கத்துல போவண்டாம், கேட்டியா. தொடவே வேண்டாம்." அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "சரி அத்தான்" என்றாள்.

அடுத்த வாரமே சொந்தத்திலும் சபையிலும் அம்மாவுக்கு "வத்தப்பொடி" என்று பெயர் நிலைத்துவிட்டது. மாமியின் மகன் என்னை "வத்தப்பொடிக்க மவ" என்று கூப்பிட்டான். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவன் முழங்கையைக் கடித்தேன், தழும்பு இன்றும் உண்டு, எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. என் அம்மாவின் கை படக்கூடாத பெட்டியில் சூடான சோறு எனக்கும் வேண்டாம் என்று முடிவுசெய்தேன். "மக்கா, நான் சூடாக்கித் தாறேன், தின்னு" என்று பெரியம்மை எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறார். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஆறிப்போனதையே தின்றேன். வீடு பாகம் பிரிந்து நாங்கள் பாறசாலைக்கு வாடகை வீடு பார்த்துப் போகும் வரை, முழுசாக ஆறு வருஷம் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மலையாளம் எடுத்தபோது நான் தமிழ் வகுப்பில் போய் உட்கார்ந்ததும் அந்த வீம்பில்தான். வகுப்பில் மொத்தம் ஏழு பேர் இருந்தோம்.

இன்று என் சமையலறையிலும் ஒரு மைக்ரோவேவ் இருக்கிறது. சனிக்கிழமை தோறும் நான்தான் சுத்தம் செய்கிறேன், கடையில் விற்கிற ஸ்ப்ரே ஒன்றும் எனக்கு வேண்டாம். சாறு பிழிந்து எறியப்போகிற எலுமிச்சைத் தோல் நாலைந்தை ஒரு கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு, தண்ணீர் திடீரென்று பொங்கித் தெறிக்காமலிருக்க ஒரு மரக்கரண்டியையும் அதில் நிறுத்தி, நாலைந்து நிமிடம் ஓடவிடுவேன். முடிந்ததும் அவசரப்பட்டுக் கதவைத் திறந்துவிடக்கூடாது, அதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. இன்னொரு ஐந்து நிமிடம் ஆவி உள்ளேயே நின்றால்தான் காய்ந்த கறை ஊறி இளகும். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஈரத்துணியால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். சுழலும் தட்டை வெளியே எடுத்துப் பாத்திரத்தோடு கழுவலாம். மீன் வாசனை போகவில்லையா, தண்ணீரில் ரெண்டு கரண்டி வினிகர் விட்டு இதையே இன்னொரு தடவை செய்யுங்கள். கம்பி நார் மட்டும் வேண்டாம், உள்பூச்சு போய்விடும். சோடாவை மட்டும் பல வருஷம் நான் கையால் தொடவில்லை. கடைசியில் மூலையில் கருகிப்போன ஒரு கறை என்னைத் தோற்கடித்தது. கொஞ்சம் சோடாவைத் தண்ணீரில் குழைத்து அப்பி வைத்தேன், பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. ஆனாலும் நான் அதை ஆப்பச்சோடா என்றுதான் சொல்லுவேன், செத்தாலும் காரம் என்று சொல்லமாட்டேன்.

போன மாதம் மாமியின் மகன் அமரவிளையில் புதுவீடு கட்டிப் பாலுகாய்ச்சினான். கொல்லயில் வீடு இப்போது இல்லை, மூன்று பாகமாகி மூன்று கான்கிரீட் வீடுகள் நிற்கின்றன. கரண்டடுப்பைப் பழைய இரும்பு வாங்குகிற ஆக்கர்காரன் தூக்கிக்கொண்டு போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. பாண்டி என்று இப்போது யாரும் சொல்வதில்லை, நாகரிகம் வந்துவிட்டது. சண்டைக்கென்று மிச்சம் வைத்திருந்த தமிழும் போய், மாமியின் பேரப்பிள்ளைகள் சண்டையையும் மலையாளத்தில்தான் போடுகிறார்கள். கதை மட்டும் போகவில்லை. புதுச் சமையலறையின் சுவருக்குள் பதித்திருந்த மைக்ரோவேவைச் சம்பந்தி வீட்டுக்காரர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்த மாமி, "பண்டு இவள் எந்து செய்தெந்நு அறியாமோ" என்று அம்மாவைச் சுட்டிக்காட்டி, இவள் அந்தக் காலத்தில் என்ன செய்தாள் தெரியுமா என்று ஆரம்பித்தார்.

அம்மா வழக்கம்போல் புன்னகைத்துக்கொண்டு நின்றாள். நான் கையிலிருந்த பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "மாமி, நீங்க போடச் சொன்னதும் காரம், எங்கம்மா போட்டதும் காரம். அவங்களுக்கு உங்க பாஷை தெரியலைன்னா உங்களுக்கும் அவங்க பாஷை தெரியலை. உங்கப்பாவுக்க பாஷையாக்கும் அது. இதுல முட்டாள் ஆரு, சொல்லுங்க" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று.

"எனக்க பொன்னு மக்கா, நான் தமாசுக்கில்லியா சொன்னேன்" என்றார் மாமி.

"தமாசு இருபத்தஞ்சு வருஷம் ஓடாது மாமி."

மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. கண் கலங்கிவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "குளோரி, எனக்க வாய் செய்த தப்பாக்கும். இனி சொல்லமாட்டேன்" என்றார், எல்லோருக்கும் முன்னால், தமிழில். இதைக் கேட்கத்தான் நான் இத்தனை காலம் காத்திருந்தேன். அம்மாவோ, "விடுங்க மதினி, சின்னப்பிள்ள ஏதோ பேசுதா" என்று சொல்லிவிட்டு என் மணிக்கட்டை நெரித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் என் மணிக்கட்டை விடவில்லை. அங்கே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "ஏட்டி கொழுப்பெடுத்தவளே, எதுக்குட்டி அங்க போயி வாயத் தொறந்த? வயசான பொம்பளைய அழவச்சிட்டியே" என்றாள்.

"உனக்காகத்தான். உன்னை எத்தனை வருஷம் முட்டாளாக்கினாங்க!"

"பன்னெண்டு வருசம் அந்த அடுக்களையில கெடந்தவளுக்குக் காரம்னா ஆப்பச்சோடான்னு தெரியாமலாட்டி இருக்கும்?"

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை பஸ் வந்து நின்று போனது. நாங்கள் ரெண்டு பேரும் ஏறவில்லை.

"தெரிஞ்சேவா போட்ட? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ சிரிச்சே காட்டிக்குடுத்துருப்ப. நீ மூஞ்சியத் தூக்கி வச்சிகிட்டு ஆறுன சோத்தத் தின்னதுனாலதான எல்லாரும் நம்புனாவ."

"வத்தப்பொடின்னு பேர் வச்சாங்களே அம்மா."

"பேருதான, வச்சிட்டுப் போறாவ" என்று முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள் அம்மா. "அதுக்கப்பறம் அந்தப் பெட்டியத் தொடைக்க ஒருத்தி என்னைக் கூப்பிட்டாளா, சொல்லு?"