தாழ்ப்பாள் இல்லாத வீடு

பள்ளி விடுமுறைக்குக் கல்வராயன் மலையில் இரண்டு நாள் தங்க வீடு தேடிக்கொண்டிருந்தாள் என் மகள். வீடு தேடுவது என்றால் இப்போது சோபாவில் காலை நீட்டிக்கொண்டு போனைத் தேய்ப்பதுதான். பேரனுக்கு நீச்சல்குளம் வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அறையை ஒட்டியே கழிப்பறை வேண்டும். எனக்கு, முட்டி வலிக்காத உயரத்தில் ஒரு கட்டில் இருந்தால் போதும்.

"யம்மா, இத்த பாரேன், சூப்பரா இருக்குது" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

படத்தில் ஒரு ஜன்னல். அதற்கு வெளியே பலாமரம். மரத்தடியில், பெயின்ட் அடித்துப் பூச்செடி நட்டு, ஓர் உரல். எனக்கு முதலில் வந்தது பழுத்த பலாவின் வாசனைதான். படத்துக்கு ஏது வாசனை என்று சிரிக்காதீர்கள். அந்த ஜன்னலோரம் படுத்து எழுந்தவளுக்கு வரும்.

நானும் வசந்தாவும் வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் தியாகதுருகம், நான் ரிஷிவந்தியம். இரண்டு பேருக்குமே மலை என்பது தூரத்தில் நீலமாகத் தெரிவது, அவ்வளவுதான். கள்ளக்குறிச்சியிலிருந்து மேலே வரும் பஸ்ஸை நம்பித் தினமும் பாடம் நடத்த முடியாது என்று முதல் வாரமே தெரிந்துவிட்டது. வாடகைக்கு வீடு பார்த்தோம். ஒரு வீடு ஒரே இருட்டு. இன்னொன்றில் பாதி இடத்தை மரவள்ளிக் கிழங்கு அடைத்துக்கொண்டிருந்தது. மூன்றாவதில்தான் இந்த ஜன்னல். திறந்ததும் மலைச்சரிவு முழுவதும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"இதாண்டி நம்ம வூடு" என்றாள் வசந்தா.

ஊருக்கே புத்தி சொல்லித்தர வந்த இரண்டு டீச்சர்களும் ஜன்னலைப் பார்த்தோமே தவிரக் கதவைப் பார்க்கவில்லை. பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது.

வீட்டுக்கார அம்மா அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. "இங்க யாரு டீச்சர் வரப்போறாங்க? பயமா இருந்தா அந்த ஒரல தள்ளி வச்சிக்கினு படுங்க" என்றார்.

சாமை குத்துகிற கல் உரல் அது. ஒருத்தி சாய்த்துப் பிடிக்க, இன்னொருத்தி குனிந்து அடியைத் திருப்ப, கரகரவென்று நகரும். சாயங்காலம் விளக்கேற்றியதும் எங்களுக்கு அதுதான் வேலை. நாளாக நாளாகச் சிவப்புச் சிமெண்ட் தரையில் வெள்ளையாக ஒரு வளைவு விழுந்துவிட்டது. ஒரு தாழ்ப்பாள் வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். சனிக்கிழமை தவறாமல் அவரவர் ஊருக்குப் போகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்குவோம். வளையல் வாங்குவோம், முறுக்கு வாங்குவோம், தாழ்ப்பாள் மட்டும் மறந்துபோகும். மறந்ததா, வேண்டாமென்று விட்டதா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. உரலைத் தள்ளிவிட்டு, மூச்சு வாங்க அதன்மேல் மாறி மாறி உட்கார்ந்துதான் எல்லாக் கதையும் பேசுவோம்.

"எறங்கனா ரெண்டு பேரும் ஒண்ணாதான்டி எறங்கணும்" என்று சொன்னதும் அவள்தான். நான் கேட்கக்கூட இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, ஊரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அவள் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று அவள் வகுப்புப் பிள்ளைகளையும் என் வகுப்பிலேயே உட்காரவைத்துக்கொண்டேன். தலைமையாசிரியர் வந்து, "இன்னா டீச்சர், அவங்களுக்குக் கீழ மாறுதல் வந்துட்ச்சே. ஒங்ககிட்ட சொல்லலியா?" என்றார். அவள் எழுதிப்போட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்ததாம். அத்தனை மாதமும் அந்த உரல்மேல் உட்கார்ந்து என்னோடு சிரித்துப் பேசியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் தனியாகத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. அதைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்கார அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு துணைக்கு வந்து ஒரு கை கொடுத்த பிறகுதான் உரல் நகர்ந்தது.

அதைக்கூட மன்னித்துவிட்டேன். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மலையைவிட்டு இறங்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் அந்த வீட்டைப் பற்றி என் மகளிடம் வாயே திறந்ததில்லை. திறந்தால் வசந்தாவையும் சொல்ல வேண்டியிருக்கும்.

மகள் படத்துக்குக் கீழே இருந்ததைச் சத்தமாக வாசித்தாள். வீட்டை இப்போது எடுத்து நடத்துகிறவர் ஓய்வுபெற்ற ஆசிரியை வசந்தா. இளம் வயதில் இதே வீட்டில் தன்னந்தனியாகத் தங்கி மலைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாராம். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் இந்த உரலைத் தினமும் ஒற்றை ஆளாகத் தள்ளி வைத்துவிட்டுத் தூங்குவாராம்.

"இன்னா தைரியம் பாரும்மா!" என்றாள் மகள்.

நானே பேசுகிறேன் என்று போனை வாங்கி, அதிலிருந்த நம்பரைக் கூப்பிட்டேன். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. ஆனால் அவள்தான். "சொல்லுங்கம்மா, எத்தினி பேரு வர்றீங்க?" என்றாள். சொன்னேன். இன்னும் நாலு வார்த்தை பேசினால் என் குரல் பிடிபடும் என்று தண்ணீர் வசதி, பாதை வசதி எல்லாம் கேட்டேன். பிடிபடவில்லை.

"அந்த ஒரல நீங்க ஒருத்தரேவா தள்ளுவீங்க?"

"ஆமாங்க" என்று சிரித்தாள். "அப்ப வயசுங்க."

"கூட யாரும் இல்லீங்களா?"

"யாரும் இல்லீங்க" என்றாள். "ரூம் போட்டுடட்டுங்களா?"

பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். வேறு வீடு பார் என்றதும், "ஏம்மா, நல்லாதான இருக்குது?" என்று மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் அடுத்த படத்தில் கதவோரத் தரையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வளைவு மட்டும் இருந்திருந்தால், இது ஒருத்தி தள்ளி விழுகிற கோடு இல்லையடி என்று மகளுக்குக் காட்டியிருப்பேன். புதுக் கதவில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு தாழ்ப்பாள்கள் மினுங்கின. தரை முழுக்க வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார்கள்.