சைபர் அமுக்கியும் நிற்காத தண்ணீர்

நிரல் ஓடத் தொடங்கிவிட்டால் பாக்கியராஜ் திரையைப் பார்க்க மாட்டார். கண்ணாடியைக் கழற்றி லுங்கி நுனியால் துடைத்துக்கொண்டிருப்பார். சிவப்பு எழுத்தில் பிழை ஏதும் வந்திருந்தால், துடைத்து முடிப்பதற்குள் அது மேலே ஏறி மறைந்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. என்னாச்சு என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான். "ஒண்ணுமில்ல, ஓடிரும்."

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் மாடி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவது அவர் பிழைப்பு. கோபம் வராது, சத்தம் வராது, முடியாது என்ற சொல்லும் வராது. உறவுக்காரர்கள் தங்கமான மனுசன் என்பார்கள். மனைவி வினோலியாவுக்குத்தான் உள்விவரம் தெரியும். "காய்ச்சல் நூத்திமூணு அடிச்சாலும் ஒண்ணுமில்லம்பாரு. ஆஸ்பத்திரியில ஊசி போடுறப்பதான் நமக்கே தெரியும்."

அவர் எழுதியதில் ஒரு லைப்ரரி கொஞ்சம் பேர் வாங்கியது. லைப்ரரி என்றால் புத்தகம் அடுக்குகிற இடமில்லை. ஒருவர் எழுதி வைத்ததை மற்றவர்களும் எடுத்துத் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் பொதுச்சரக்கு. வரிசையாகக் கிடக்கும் வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்யாமல் நாலைந்தை ஒரே நேரத்தில் ஓடவிடும் வித்தை அதில் இருந்தது. வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். இரண்டு சங்கதிகள்தான் இல்லை. ஓடத் தொடங்கியதை நடுவில் நிறுத்த வழியில்லை. ஒரு வேலை கெட்டுப்போனால் வெளியே சொல்லாது. விழுங்கிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று சொல்லும். எழுதியவர் புத்தி அப்படியே இறங்கியிருந்தது. திருச்சியிலிருந்து இசைவாணி என்ற பெண் அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, நிறுத்த ஒரு வழி வையுங்கள் என்று எழுதிக் கேட்டிருந்தார். "அப்புறம் பாக்கலாம்மா" என்று பதில் போட்டதோடு சரி.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் கருவி விற்கிற ஒரு கம்பெனி அந்தச் சரக்கை எடுத்துக்கொண்டது. ரெட்டியார்சத்திரம் பக்கம் சோலைமலையின் தோட்டத்தில் கருவியை மாட்டினார்கள். பட்டன் போனில் எண்ணை அமுக்கினால் மோட்டார் ஓடி, வால்வுகள் தானே திறக்கும். சைபரை அமுக்கினால் நிற்கும். ஒரு காலையில் சோலைமலை முருங்கைக்கு மட்டும் விட நினைத்து, தோட்டம் முழுவதற்குமான எண்ணை அமுக்கிவிட்டார். உடனே சைபரை அமுக்கினார். கை தவறுவது யாருக்கும் உண்டு, அதற்குத்தானே சைபர். கொஞ்ச நேரத்தில் முடிந்தது என்று போனுக்குச் செய்தியும் வந்தது. அதை நம்பி அகரத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது, தாள் சாய்ந்து பிடுங்கத் தயாராக இருந்த சின்ன வெங்காயம் கணுக்கால் தண்ணீருக்குள் கிடந்தது.

கம்பெனி ஆள் நாசர் மாடிக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். "சேத்துக் கையோட அமுக்கிட்டு நம்மளச் சொல்றாருண்ணே. சைபர் எப்படி விழும்? கையத் தொடச்சுட்டு அமுக்குங்கய்யான்னு சொல்லிட்டு வந்தேன்."

பாக்கியராஜும் சிரித்தார். நாசர் போன பிறகு தோட்டத்தில் ஓடிய அதே வேலை வரிசையை மேசையிலேயே ஓடவிட்டு, நடுவில் நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். நிற்கவில்லை. வெங்காயத்து வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டதுபோல் வைத்துப் பார்த்தார். முடிந்தது என்றது. சற்றுமுன் சிரித்த வாயில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அதையே திருத்தினார். ஒவ்வொரு வேலையும் அடுத்த அடி வைக்குமுன், நிறுத்தச் சொன்னார்களா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். சொல்லியிருந்தால் புதிதாக எதையும் தொடக் கூடாது. திறந்ததை மூடிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். ஒன்று கெட்டால், எது கெட்டது என்று பேர் சொல்லிக் கத்த வேண்டும். அதைக் கேட்டு மற்றவையும் நிற்க வேண்டும். எழுதி முடித்தபின் பார்த்தால் பெரிய வேலையாகவே தெரியவில்லை. அதுதான் அவரை இன்னும் குறுக வைத்தது.

திருத்தியதை மாட்டிப் பார்க்க அவரே தோட்டத்துக்குப் போனார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். அழுகிய வெங்காய வாடை வரப்பிலேயே எதிர்கொண்டது. வாய் வரை வந்தது அங்கேயே நின்றுவிட்டது.

அவர் கருவியில் மாட்டி முடித்ததும், சோலைமலை தண்ணீரைத் திறந்துவிட்டு, துண்டை எடுத்துக் கட்டைவிரலைத் துடைத்தார். திருப்பித் துடைத்தார். நக இடுக்கைக்கூட விடவில்லை. பிறகுதான் சைபரை அமுக்கினார். தண்ணீர் நின்றது.

"பாத்தியாப்பு? தொடச்சுட்டு அமுக்குனா நிக்குது. அம்புட்டும் என் மேலதான் தப்பு."

"அதத்தான நானும் தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார் அவர் மனைவி பழனியம்மாள். "கையக் கழுவிட்டுப் போனத் தொட்டா தொரைக்குக் கிரீடம் எறங்கிருமாக்கும்."

சோலைமலை துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ தெறந்து விடுங்கண்ணே" என்றார் பாக்கியராஜ். தண்ணீர் ஓடியது. வால்வடியில் குனிந்து ஒரு கை சேற்றை அள்ளித் தன் கட்டைவிரலில் அப்பினார். போனை வாங்கி, சேறு ஒழுக ஒழுகச் சைபரை அமுக்கினார். நின்றது.

பழனியம்மாள் போனையும் விரலையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப அன்னைக்கு மட்டும் ஏன் நிக்கல?"

பாக்கியராஜ் அந்தச் சேற்றுக் கையை எடுத்துத் தன் சட்டையின் நெஞ்சில் வைத்து, சோலைமலையைப் பார்த்தபடி நின்றார்.