மாட்டு ஈயும் கருத்தப்பாண்டியின் கம்பும்

எங்கள் தெருவில் ஒன்பது வீட்டுப் பசுக்களைக் காலையில் குளத்தங்கரைக்கு ஓட்டிப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடுபவர் கருத்தப்பாண்டி. முன்பு சங்கரன்கோவில் சந்தைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். வண்டிக்காரர்களின் குச்சி நுனியில் ஆணி இருக்கும். காளை நின்றால் அதனால் குத்துவார்கள். மேய்க்க வந்தபின் அவர் கையில் வெறும் வேப்பங்கம்புதான். பெயர் சொன்னாலே மாடுகள் திரும்பிவிடும். இவ்வளவும் எனக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஆறு மாதமாக வீட்டில் சும்மா இருந்தேன். மழை விட்ட ஒரு சாயங்காலம் எங்கள் பசுவின் வயிற்றில் மூன்று ரத்தக் கோடுகள்.

"மாமா, ஆணி வச்சுக் குத்துனீங்களா?"

"கம்பத் தடவிப் பாரு தாயி. மாட்டு ஈ கடிச்சிருக்கும்."

"ஈ கடிச்சா இம்புட்டு ரத்தம் வருமா? யாருகிட்ட கத விடுதீங்க?"

படம் எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'வண்டிக்காரப் புத்தி போகவில்லை' என்று கீழே எழுதினேன். மறுநாள் எங்களையும் சேர்த்து ஏழு வீட்டில் மாட்டை அவிழ்க்கவில்லை. மிச்சம் இரண்டு மாடு. அதை வைத்து அவர் எப்படிப் பிழைப்பார் என்று நான் யோசிக்கவே இல்லை.

"அண்ணாச்சிய நிறுத்துனது நீதான? இனி நீயே மாட்ட மேச்சுக்கோ" என்றாள் அம்மா.

நான்காம் நாள் குளத்தங்கரையில் பெரிய ஈ ஒன்று பசுவின் வயிற்றில் உட்கார்ந்தது. தட்டிவிட்டேன். அது போன இடத்திலிருந்து ரத்தம் கோடாக இறங்கியது. துப்பட்டாவால் துடைத்தேன். மறுபடி வந்தது. நமக்கு விரல் கீறினால் கொஞ்ச நேரத்தில் ரத்தம் உறைந்து நின்றுவிடும். இது நிற்கவில்லை. போனில் தேடிப் படித்தேன். அந்த ஈ தோலை அறுத்து, ஊறும் ரத்தத்தை உறிஞ்சுகிறது. குடித்து முடிக்கும்வரை ரத்தம் உறையாதபடி அதன் எச்சில் தடுக்கிறது. ஈ போனபிறகும் எச்சில் காயத்தில் இருப்பதால் ரத்தம் வடிகிறது.

குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"தப்புன்னு குரூப்புல போட்டுட்டேன் மாமா."

"எங்கிட்ட இருக்கது பட்டன் போனு. அதுல என்ன வருதுன்னு எனக்கு என்ன தெரியும்? வீடு வீடாப் போயி வாயால சொல்லு."

போனேன். எதிர்வீட்டுக் கோமதித்தாய் அத்தை சிரித்தாள். "ஏட்டி, ஈ எச்சிலா? அவரு சொல்லிக் குடுத்து அனுப்புனாரா?" ஈ பறந்தபின் ரத்தம் வடிவதை வீடியோ எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு, "யோசிக்கேன்" என்றாள்.

மூன்று வீட்டார் மாட்டைத் திரும்ப விட்டார்கள். மற்ற மூன்று வீட்டுக்கு இன்னும் நடக்கிறேன். காலையில் எங்கள் பசுவை நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். அவர் கயிற்றை வாங்கிக்கொள்கிறார். என் முகத்தைப் பார்ப்பதில்லை.