சுரங்கத்தில் நிற்கும் பெட்டி

மொந்தெலாராவைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கடைசிப் பெட்டியில்தான் ஏறித் தொலைப்பார்கள். ஸ்பெட்சியா ஸ்டேஷனில் அதுதான் காலியாக இருக்கும். எங்கள் ஊர் நடைமேடையோ மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு கிடப்பது. முதல் நாலு பெட்டிக்குத்தான் வெளிச்சத்தில் இடம். பின்னால் உள்ள இரண்டும் சுரங்கத்துக்குள்ளேயே நிற்கும். கதவு திறக்கும், எதிரே கறுப்புச் சுவர். சிக்னலுக்காக வண்டி நிற்கிறது போலிருக்கிறது என்று உள்ளே இருப்பவர்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். கதவு மூடிவிடும். அடுத்த ஊரில் போய் இறங்கி ரயிலைத் திட்டுவார்கள்.

ஊர்க்காரர்கள் எங்களுக்கு மூன்றாம் பெட்டி. இறங்கினால் நேரே படிக்கட்டு. டெல்பீனா மோஜாவுக்கும் அதேதான், முப்பத்து நாலு வருஷமாக. ஸ்பெட்சியாவில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. விடிந்ததும் போவாள், மூன்றரை மணி வண்டியில் திரும்புவாள். இறங்கியதும் நாங்களெல்லாம் படியேறிப் போய்விடுவோம். அவள் மட்டும் எதிர்ப்பக்கம் நடந்து, சுரங்கத்துக்குள் நுழைந்து, ஜன்னல் கண்ணாடியைப் படபடவென்று தட்டுவாள்.

"இறங்குங்க! இதுதான் மொந்தெலாரா!"

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நாலு பாஷையில் கற்றுவைத்திருந்தாள். குடும்பம் குடும்பமாகப் பெட்டி படுக்கையோடு விழுந்தடித்து இறங்குவார்கள். கார்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு, அவள் கையைத் தூக்கிக் காட்டும்வரை காத்திருப்பார். இதற்கென்று யாரும் அவளுக்குச் சம்பளம் தரவில்லை, நன்றி சொன்னவர்களும் குறைவுதான்.

"உனக்கென்னடி தலையெழுத்தா? வர்ற ஜனத்துக்கு நெத்திலி வாங்கவே வரிசையில நிக்க வேண்டியிருக்கு. பேசாம அடுத்த ஊருக்கே போகட்டும் விடு" என்பாள் கிளேலியா.

"ஊரைத் தேடி வந்தவங்களை இருட்டுல விட்டுட்டு வரச் சொல்றியா? நல்ல ஆளுடி நீ."

கிளேலியா அதே வண்டியில் துணிக்கடை வேலைக்குப் போய்வந்தவள். பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஒருத்தி ஃபொக்காச்சா ரொட்டி கொண்டுவந்தால் இன்னொருத்தி பாதியைப் பிய்த்து எடுத்துக்கொள்வாள், கேட்பதெல்லாம் கிடையாது. டெல்பீனா குடியிருந்த வீடும் கிளேலியாவுடையதுதான். படகுத்துறைக்கு மேலே மூன்றாம் மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கடலைத் தவிர வேறொன்றும் தெரியாது. டெல்பீனா அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தவள். புருஷன் ஓரெஸ்தெயைக் கடைசியாகத் தூக்கிக்கொண்டு இறங்கியதும் அந்தப் படிகளில்தான். குழந்தை இல்லை. அவளுக்கென்று இருந்தது அந்த ஜன்னல் ஒன்றுதான் என்று சொன்னால் மிகையில்லை.

மலை சரிந்து ஊருக்குள் சேறு புகுந்த வருஷத்தில், கிளேலியாவின் ஒயின் நிலவறை கூரைவரை நிறைந்துபோனது. அவள் பிள்ளை மிலானிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டெல்பீனாவும் ஓரெஸ்தெயும் பதினோரு நாள் வாளி வாளியாக அள்ளிக் கொட்டினார்கள். பன்னிரண்டாம் நாள் கிளேலியா நடுத்தெருவில் டெல்பீனாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"நான் உசிரோட இருக்கற வரைக்கும் அது உன் வீடுடி. எவனும் உன்னை அசைக்க முடியாது."

நாங்கள் அத்தனை பேரும் காதால் கேட்டோம். ஒரு காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. கேட்டு வாங்கியிருக்கலாமே என்று இப்போது சொல்கிறவர்கள் சொல்லட்டும். கூடப்பிறந்தவள் மாதிரி இருக்கிறவளிடம் போய் யார் காகிதம் கேட்பார்கள்?

போன வருஷத்துக்கு முந்தின ஜூன் மாதம், வழக்கம்போல டெல்பீனா சுரங்கத்தில் கண்ணாடியைத் தட்டி இறக்கிவிட்டவர்களில் பெர்காமி என்று ஒருவர். மிலான்காரர், இன்ஜினியர். வெயிலில் முகம் சிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். மனுஷர் மயங்கி விழுந்துவிடுவார் போலிருக்கிறதே என்று டெல்பீனா அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள், காபி போட்டாள். ஜன்னலைத் திறந்தாள். அவர் காபியை மறந்துவிட்டு அங்கேயே நின்றார்.

"அம்மா, நீங்க தினமும் இதைப் பாத்துக்கிட்டா பாத்திரம் கழுவறீங்க?"

"வேற எதைப் பாக்கறது? அதுதான் எதிர்ல இருக்கு."

துளசிமாதிரி வாசம் வீசும் பசில் இலை இரண்டு கொத்து கேட்டு அந்த நேரம் பார்த்தா கிளேலியா வர வேண்டும்! "இவதான் வீட்டுக்காரி. ஆனா வாடகைக்காரி நான் சொல்றதைத்தான் கேப்பா" என்று டெல்பீனாவே சிரித்துக்கொண்டே அறிமுகம் செய்துவைத்தாள். பாவி, தன் கையாலேயே.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. சலவைக்கூடத்தில் இயந்திரம் மக்கர் பண்ணியதால் டெல்பீனா கிளம்பத் தாமதமாகிவிட்டது. ஓட்டமாக ஓடிவந்து, மூடப்போகிற கதவுக்குள் உடம்பைத் திணித்தாள். கடைசிப் பெட்டி. மூச்சு வாங்க நிமிர்ந்தால் எதிரே கிளேலியா உட்கார்ந்திருக்கிறாள்.

வேலையை விட்டு இரண்டு வருஷமாகியும், எப்போதாவது ஸ்பெட்சியா போனால் மூன்றாம் பெட்டியைத் தவிர வேறெதிலும் ஏறாதவள். மடியில் தங்க நிற நாடா கட்டிய கேக் பெட்டி.

"ஏண்டி, இங்க என்ன பண்றே? வயசாகிப் பெட்டி மறந்துபோச்சா?" என்று சிரித்தாள் டெல்பீனா.

கிளேலியா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டி சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தது, பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. எதிர் இருக்கையிலிருந்து ஒருவர் எழுந்தார். இன்ஜினியர் பெர்காமி. கையில் நீலக் கோப்பு.

"அடடே, டெல்பீனா அம்மா! உங்களை நேர்ல பாத்து நன்றி சொல்லணும்னு இருந்தேன். நீங்க மட்டும் அன்னைக்குக் கூட்டிட்டுப் போகலேன்னா அந்த ஜன்னல் எனக்கு எங்க கெடைச்சிருக்கும்? இப்பத்தான் பத்திரம் முடிஞ்சுது. ஜெனோவாவுல பொண்ணு வீட்டோட போறீங்களாமே. ரொம்ப சந்தோஷம். பிப்ரவரி வரைக்கும் தாராளமா இருங்க, அவசரமே இல்ல."

வண்டி சுரங்கத்தை விட்டு வெளியே வந்தது. ஒரு விநாடி கடல் பளிச்சென்று அடித்தது, மறுபடியும் இருட்டு. டெல்பீனா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு எப்படி கிளேலியா பொண்ணு பொறந்தா? எந்த ஆஸ்பத்திரியில?"

"கத்தாதடி, எல்லாரும் பாக்கறாங்க."

"நான் கத்தலையே. கேக்கறேன். எனக்கே தெரியாம எனக்கொரு பொண்ணு, ஜெனோவாவுல வீடு வேற. பேரப்பிள்ளைங்களும் இருக்கா?"

"வித்துடு வித்துடுன்னு பையன் உசிரை எடுத்துட்டான் டெல்பீனா. உன்கிட்ட சொல்லணும்னுதான்... ஞாயித்துக்கிழமை வந்து சொல்லலாம்னு..."

"கேக்கோட வந்தா?"

கிளேலியா பெட்டியின் நாடாவை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். இன்ஜினியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். டெல்பீனாவுக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. வயிறு எரிந்தது வீட்டுக்காகக்கூட இல்லை. முப்பத்திரண்டு வருஷம் தோளோடு தோள் உட்கார்ந்தவள், தன்னை விரட்டுவதற்கு இல்லாத பிள்ளையை உண்டாக்கியிருக்கிறாளே! பிள்ளைக்காகத் தான் அழுத அழுகையெல்லாம் இவள் மடியில் அழுததுதானே!

வண்டி நின்றது. கதவு திறந்தது. எதிரே கறுப்புச் சுவர். பெட்டி நிறைய வெளியூர்க்காரர்கள், ஒருவரும் அசையவில்லை. இன்ஜினியர் எட்டிப் பார்த்தார்.

"இது நம்ம ஊருதானே?" என்று கிளேலியாவிடம் கேட்டார். கிளேலியா குனிந்த தலை நிமிரவில்லை. எழுந்தால் டெல்பீனாவைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். அவர் டெல்பீனாவைப் பார்த்தார்.

"இல்லீங்க" என்றாள் டெல்பீனா. "இது உங்க ஊர் இல்ல."

சொல்லிவிட்டு இறங்கினாள். கதவு மூடியது. வண்டி கிளேலியாவையும் கேக்கையும் நீலக் கோப்பையும் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனது. ஒரு பாவமும் அறியாத டச்சுக் குடும்பம் ஒன்றும் கூடவே போனது. அவர்களை நினைத்து மட்டும் பிற்பாடு வருத்தப்பட்டாளாம்.

சுரங்கத்திலிருந்து அவள் நடந்து வருவதைப் பார்த்து நாங்கள் படிக்கட்டிலேயே நின்றுவிட்டோம்.

"என்ன டெல்பீனா, அந்தப் பெட்டியில வந்தே?" என்று கேட்டான் ரொட்டிக்கடை எத்தோரே.

"வீட்டை வித்துட்டா." எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எத்தோரே செருப்பு நுனியைப் பார்த்தான். தபால் கொடுக்கிற இலாரியா கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள். டெல்பீனாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

தெரியும். கோடையிலிருந்தே தெரியும். இன்ஜினியர் அளவெடுக்கிறவரைக் கூட்டிக்கொண்டு வந்ததே, அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு காலைப்பொழுதில்தான். மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தது கிளேலியா. பார்த்தவர்கள் நாங்கள். கிளேலியாவே சொல்லட்டும், நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டோம். எங்களிலும் பாதிப் பேர் வீட்டை விற்றவர்கள், மீதிப் பேர் விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள். தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வானிலை பேசிக்கொண்டு வந்தோம். இதை எழுதும்போது எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"நல்லா இருங்க" என்றாள். படியேறிப் போனாள்.

அன்றிலிருந்து அவள் மூன்றாம் பெட்டியில் ஏறவில்லை. யாருக்காகவும் சுரங்கத்துக்குள் போய்க் கண்ணாடி தட்டவும் இல்லை. கார்டு பழக்கதோஷத்தில் சில நாள் விசிலை வைத்துக்கொண்டு காத்திருந்து பார்த்தார். பிப்ரவரியில் ஸ்பெட்சியாவில் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருக்கும் ஒரு நாலாம் மாடிக்குக் குடிபோனாள். எதிரே இன்னொரு கட்டிடத்தின் சுவர். பழைய வீட்டிலிருந்து சாமான்களை இறக்க நாங்கள் போனபோது, ஏற்கெனவே ஆள் வைத்து எல்லாவற்றையும் இறக்கி முடித்திருந்தாள்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. ஓரெஸ்தெக்குப் பூ வைக்க வேண்டுமே. மஞ்சள் செவ்வந்தி ஒரு தொட்டி வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தாள். ஊர்க்காரருக்கான அட்டை அவளுக்கு இனிச் செல்லாது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான டிக்கெட்டை எடுத்துக்கொண்டு, எங்கள் கண்ணில் படாமல் கடைசிப் பெட்டியில் ஏறினாள்.

சுரங்கத்தில் வண்டி நின்றது. கதவு திறந்தது. சுற்றிலும் இருந்தவர்கள் மலங்க மலங்க விழித்தார்கள். அவளுக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. மடியில் தொட்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

படபடவென்று கண்ணாடியைத் தட்டும் சத்தம். வெளியே ஓர் இளம்பெண், ஊருக்குப் புதிது. இன்ஜினியரின் வாடகை அறைகளுக்கு வருகிற விருந்தாளிகளை அழைத்துப் போவதற்காக அவர் வேலைக்கு வைத்தவள். தலையை உள்ளே நீட்டி, டெல்பீனாவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.

"அம்மா, இறங்குங்க! இதுதான் மொந்தெலாரா!" தொட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். "பாத்து, இருட்டா இருக்கும். மொதல் தடவையா வர்றீங்க?"

"ஆமாம்மா" என்றாள் டெல்பீனா.