அப்பாசாமியின் முந்நூறு அடி

மலாக்காவின் காஜா பேராங் வட்டாரத்தில் லட்சாதிபதி அப்பாசாமியைத் தெரியாதவர் கிடையாது. லட்சம் எல்லாம் மேடையோடு சரி. கீழே இறங்கினால் அவர் சீனர் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துக் கொடுப்பவர், என் அக்கா தெய்வானையின் புருஷன், எனக்கு அத்தான்.

கோயில் திருவிழா நாடகங்களில் அவருக்கு எப்போதும் ஒரே வேஷம், கஞ்சப் பணக்காரர். பட்டு ஜிப்பா வாடகை, பூண் போட்ட கைத்தடி இரவல். கழுத்தில் தொங்கிய எட்டுப் பவுன் சங்கிலி மட்டும் அசல். அது அக்காவுடையது. ஒரு காசைக் கீழே போட்டுவிட்டு மேடை முழுக்கத் தவழ்ந்து தேடுவார். மலாய் மட்டுமே பேசும், தமிழ் தெரியாத செட்டி கம்போங் ஊர்க்காரர்கள்கூட முதல் வரிசையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அக்கா மட்டும் சிரிக்க மாட்டாள். "வீட்ல பத்து தடவ ஒத்திகை பாத்தாச்சு. அதுக்கு மேல என்னத்த சிரிக்கிறது?" என்பாள். அவளை ஒரு தடவையாவது சிரிக்க வைக்க வேண்டும் என்பது அத்தானுக்குத் தீராத ஆசை.

ஊர் அந்த வேஷத்தை நம்பிவிட்டதுதான் கொடுமை. நன்கொடை கேட்பவர்கள் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். "இல்லப்பா" என்று அவர் கையை விரித்தால், நாடகத்தில் சிரித்த மாதிரியே சிரித்துவிட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்றதும் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைகள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். ஒரு துரை தன் சினிமா கேமராவையும் புரொஜெக்டரையும் மூன்று சுருள் ஃபிலிமையும் சேர்த்து விற்றார். சுருளுக்கு நூறு அடி. அத்தான் அக்காவின் சங்கிலியை விற்று அதை வாங்கிவிட்டார்.

"படம் ஓடட்டும் தெய்வான. ஒன்னுக்கு ரெண்டா செஞ்சி போடுறேன்."

"வெறுங்கழுத்தோட நான் எந்தக் கல்யாணத்துக்கும் வர மாட்டேன். அத மட்டும் ஞாபகம் வச்சிக்குங்க" என்றாள் அக்கா.

அவள் சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து தாலிக்கயிறு மட்டும் கிடந்த கழுத்தோடு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டாள். எங்கள் அப்பா தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டிச் சேர்த்துப் போட்ட சங்கிலி அது. அத்தான் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் கேமரா பிடிக்க ஆள் வேண்டும் என்று அவர் கூப்பிட்டதும் ஓடியவன் யார்? நான்தான்.

மேடைக்கு அத்தான் இப்போது பித்தளைச் சங்கிலி போட்டுக்கொண்டார். அது அசலைவிட நன்றாகவே மின்னியது.

படத்தின் கதை சின்னது. பெருங்கூட்டத்தில் பணப்பையைத் தொலைத்த கஞ்சன் அதைத் தேடிக் கண்டுபிடிக்கிறான். கூட்டத்துக்கு எங்கே போவது? ஆளுக்கு ஒரு வெள்ளி கூலி என்றாலும் கட்டுப்படியாகாது. ஐம்பத்தாறு பிப்ரவரியில் அதற்கும் வழி பிறந்தது. லண்டன் போய்ப் பேசிவிட்டுத் திரும்பும் தலைவர்கள் மலாக்கா பாடாங் மைதானத்தில் சுதந்திர நாளைச் சொல்லப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு.

"மச்சான், கூலி கேக்காத கூட்டம்டா!" என்றார் அத்தான்.

அன்று செமாபோக்கிலிருந்தெல்லாம் ஜனம் வந்து பாடாங் நிறைந்துவிட்டது. நான் மேடைக்கு முதுகைக் காட்டி, ஒரு மரப்பெட்டிமேல் நின்று கேமராவைப் பிடித்தேன். எதிரே அத்தான் பட்டு ஜிப்பாவும் பித்தளைச் சங்கிலியுமாக கடலைக்காரரின் கூடைக்கடியிலும் பெரியவர்களின் காலிடுக்கிலும் தவழ்ந்து பையைத் தேடினார். பைத்தியம் என்று சிலர் ஒதுங்கி நின்றார்கள். திடீரென்று என் முதுகுக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் சுதந்திரத் தேதி கேட்டது. ஜனம் கைகளைத் தூக்கி ஆர்ப்பரித்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கேமராவோடு அப்படியே மேடைப் பக்கம் திரும்பினேன்.

"டேய் மச்சான்! அங்க என்னடா இருக்கு? நான் இங்க இருக்கேன்டா!"

திரும்பி அவரை எடுத்தேன். அவர் பையைக் கண்டெடுத்து உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆயிரக்கணக்கான கைகள். "கரெக்டான நேரத்துல கத்துனாங்க பாத்தியா?" என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

சுருள்கள் சிங்கப்பூருக்குப் போய்க் கழுவப்பட்டு வந்தன. நான் மேடைப் பக்கம் திரும்பிய இடத்தை அத்தான் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டார்.

"நான் இல்லாத எடம் படத்துக்கு எதுக்குடா?"

கோயில் மண்டபத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் காட்டினோம். வந்தவர்கள் எல்லாரும் அன்று பாடாங்குக்குப் போனவர்கள். "அதோ நான்! அதோ எங்க சித்தப்பா!" என்று தங்களைத் தேடினார்களே தவிர, அத்தானை ஒருவரும் பார்க்கவில்லை. நடித்தவர்களிடமே டிக்கெட் காசு கேட்பது நியாயமா என்று வேறு கேட்டார்கள்.

மறு வருஷம், சுதந்திரத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, கோலாலம்பூரில் செய்திப்படம் எடுக்கும் நடராஜன் என்பவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். பாடாங்கில் அன்று படம் எடுத்தவர் அத்தான் என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"தேதியச் சொன்ன அந்த நேரத்துல மேட தெரிஞ்சா போதும் சார். நாலு செகண்டு இருந்தாலும் ஐந்நூறு வெள்ளி தர்றேன்."

ஐந்நூறு வெள்ளிக்கு எட்டுப் பவுன் சங்கிலி இரண்டு வாங்கலாம். ஒன்றுக்கு இரண்டு! அத்தான் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

ஜன்னலை அடைத்துப் படத்தை ஓட்டினேன். அக்கா காப்பித் தட்டோடு சுவரோரம் நின்றாள். அத்தானின் முகம், முதுகு, முழங்கால், மறுபடியும் முகம். சுருள் மூன்றும் ஓடி முடிந்தன. மேடை வரவே இல்லை.

"கேமரா புடிச்சவரு அந்தப் பக்கம் திரும்பவே இல்லியா?" என்றார் நடராஜன்.

"திரும்புனான்" என்றார் அத்தான் மெதுவாக. "நாந்தான் வெட்டி வீசிட்டேன்."

வெண்ணெய் திரளும்போது தாழி உடைவது என்றால் இதுதான். அக்காவின் கழுத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. நடராஜன் நல்ல மனிதர். ஆறுதல் சொல்லப் பார்த்தார்.

"போவுது விடுங்க சார். ஐந்நூறு வெள்ளி உங்களுக்கு ஒரு காசா? படத்துல கழுத்துல போட்டிருந்தீங்களே, அந்தச் சங்கிலியே ஆயிரம் பெறுமே!"

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு அத்தானைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தானோ எழுந்து நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை எந்த மேடையிலும் நான் பார்த்ததில்லை.

"மச்சான், சிரிக்கிறாடா! சீக்கிரம் கேமராவ எடு!"

எடுத்தேன். ஒரு வருஷமாக அதில் ஃபிலிம் கிடையாது.