மேலே ஏறக் கூடாத நாள்

அப்பா இறந்தது சித்திரைப் புத்தாண்டு முடிந்த இரண்டாவது செவ்வாய்க்கிழமை, விடியற்காலையில். அக்கா இன்றும் புதன் என்றே சொல்கிறாள். செவ்வாய்தான். தென்கரையில் சுழியோடும் சீசன் அந்த வாரத்தோடு முடிகிறது. கடைசிப் படகு போனது செவ்வாயன்று. அதில் நான் இருந்தேன்.

இறக்குவானைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன் நான். ஹிக்கடுவையில் சுற்றுலாக்காரர்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவருவது என் பிழைப்பு. இந்த வேலையில் காற்றுக்குக் கணக்கு உண்டு. இருநூறு பார் அழுத்தத்தோடு சிலிண்டர் இறங்கும். அழுத்தமானியின் ஊசி நூறைத் தொடும்போது திரும்ப வேண்டும். மேலே வந்து சேரும்போது ஐம்பது மிச்சம் இருக்க வேண்டும். அந்த ஐம்பது, கூட வருபவனின் காற்று தீர்ந்தால் கொடுப்பதற்கு. காற்று தாராளமாக இருந்தாலும் ஆழத்தில் இத்தனை நிமிடம்தான் என்று இன்னொரு எல்லை இருக்கிறது. அதை மணிக்கட்டில் கட்டிய டைவ் கணினி காட்டும்.

அன்று என்னோடு இறங்கியவர் கொழும்பிலிருந்து வந்த பருமனான மனிதர். படகில் இதையெல்லாம் விளக்கியபோது தலையாட்டியபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு மீற்றரில் கிடக்கும் பழைய கப்பலுக்குப் போனோம். கீழே இரண்டு தடவை அவருடைய காற்றைக் கேட்டேன். இரண்டு தடவையும் விரலை வளைத்து, எல்லாம் சரி என்றார். மூன்றாவது தடவை அவரது மானியை நானே இழுத்துப் பார்த்தேன். ஊசி சிவப்பில் கிடந்தது.

மேலே போவோம் என்று சைகை காட்டியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. கப்பலின் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் வாயிலிருந்த மூச்சுக்குழாயைப் பிடுங்கினார். நான் உபரிக் குழாயை எடுத்துக் கடித்துக்கொண்டேன். அவர் கம்பியை விடவில்லை. முழங்காலால் என் வயிற்றில் இடித்தார். முகமூடி கழன்று உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. கத்தியின் பிடியால் அவர் விரல்களில் அடித்தேன். மூன்றாவது அடியில்தான் விட்டார்.

அதற்குள் நிமிட எல்லை தாண்டிவிட்டது. ஐந்து மீற்றரில் நின்று, உடம்பில் கரைந்த நைதரசன் வெளியேறும் வரை காத்திருக்கச் சொன்னது கணினி. அவரது தோள்பட்டியைப் பிடித்துத் தொங்கியபடி, ஒரே சிலிண்டரில் இருவர் மூச்சு வாங்கினோம். காத்திருப்பு முடியுமுன் சிலிண்டர் முடிந்தது. வேறு வழியில்லாமல் மேலே வந்தோம்.

படகில் எனக்கு ஒட்சிசன் முகமூடி மாட்டினார்கள். கணினி என்னைப் பூட்டிவிட்டு, இருபத்துநான்கு மணி நேரம் காட்டியது. அதுவரை நீருக்குள் இறங்கக் கூடாது. விமானமும் மலையும் ஏறக் கூடாது. உயரத்தில் காற்றின் அழுத்தம் குறையும்போது, உடம்பில் மிச்சமிருக்கும் வாயு குமிழியாகித் தண்டுவடத்தில் அடைத்தால் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்விடும். அப்படிப் போன ஒருவரை நான் அறிவேன். ஹிக்கடுவையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சங்கு விற்கிறார்.

முகமூடியோடு இருக்கும்போதுதான் தம்பியின் அழைப்பு வந்தது. விடிந்ததிலிருந்து அழைத்திருக்கிறான். அப்பா போய்விட்டார். மழையில் லயத்துக்குப் பின்னால் மேடு வெடிப்பு விட்டிருக்கிறது. இருட்டுவதற்குள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு இறங்க வேண்டும் என்று மண்சரிவு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். அதனால் அடக்கம் இன்றைக்கே. மூத்த மகன் நான். குடம் உடைப்பதும் முதல் பிடி மண் போடுவதும் என் கடமை.

இரத்தினபுரி தாழ்வான ஊர். அதுவரை போகலாம் என்று போனேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்துகொண்டு, நாளைக் காலைதான் மேலே வர முடியும் என்று தம்பிக்குச் சொன்னேன். இருக்கும் இடத்தையும் காரணத்தையும் சொன்னேன். அவன் அழைப்பைத் துண்டித்தான்.

பிற்பகலில் ஒரு வாடகை வேன் கடை முன்னால் நின்றது. தம்பி இறங்கி வந்தான். எழுந்து நின்றேன். என்னவென்று கேட்காமல் முகத்திலும், தடுக்க உயர்த்திய இடது முழங்கையிலும் குத்தினான். கோப்பைகளோடு மேசை சாய்ந்தது. சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்துப்போய் வேனுக்குள் தள்ளி, என் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை தூக்குகிற உடம்பு அவனுக்கு.

பெல்மதுளை வரை நான் திமிறவில்லை. சாலை தாழ்வாகவே இருந்தது. உடம்பை அலட்டினால் குமிழிக்கு இன்னும் வசதி. பேசிப் பார்த்தேன். அவன் என் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தான்.

“கையில கட்டியிருக்கியே, இதுதான் ஒனக்கு அப்பனா?”

“தம்பி, மேல போனா காலு வெளங்காம போயிரும்டா.”

“நாலு பேரு தூக்கிட்டுப் போவோம். அப்பாவயும் அப்பிடித்தான் தூக்கப் போறோம்.”

கஹவத்தையைத் தாண்டி ரப்பர் மரங்கள் குறைந்தன. காது அடைத்தது. சாலை ஏறுகிறது என்று காது சொல்வதைக் கடலில் இருப்பவன் தவறவிடமாட்டான். இடது முழங்கைக்குள் ஊசி குத்துவது போல ஒரு வலி வந்தது. தம்பியின் குத்து பட்ட இடமா, வேறா என்று நிதானிக்க எனக்குப் பொறுமை இல்லை. அவன் கையைக் கடித்தேன். தோல் கிழிந்து வாயில் இரத்தம் வந்தது. அவன் பிடி தளர்ந்ததும் முன்னால் பாய்ந்து சாரதியின் கழுத்தைப் பின்னாலிருந்து இறுக்கினேன். வேன் வளைந்து போய்த் தேயிலை மேட்டில் மோதி நின்றது.

சாரதி இறங்கி, பின்கதவைத் திறந்து எங்கள் இருவரையும் மழையில் இழுத்துப் போட்டார். “மட்ட கேஸ் எப்பா, மல்லி,” எனக்குக் கேஸ் வேண்டாம் தம்பி என்று சிங்களத்தில் கத்தினார். இவன் செத்தால் பொலிஸுக்குப் பதில் சொல்ல வேண்டியது தான்தான் என்றும், வேன் இனி ஓர் அடியும் மேலே போகாது என்றும் சொல்லிவிட்டு, நசுங்கிய பம்பரைப் பார்க்கப் போனார்.

தம்பி என்னை விலா எலும்பில் உதைத்தான். கணினியைக் கையிலிருந்து பிய்த்து, மைல்கல் மேல் வைத்து, ஒரு கருங்கல்லால் அது தூளாகும் வரை அடித்தான். பிறகு அதே கல்லோடு என் பக்கம் திரும்பினான். நான் எழவில்லை. கைகளை விரித்து, அசையாமல் படுத்துக்கொண்டேன்.

“அடி,” என்றேன். “எவ்வளவு வேணும்னாலும் அடி. மேல மட்டும் கொண்டு போகாத.”

அவன் கல்லைப் பிடித்தபடி நின்றான். மூச்சு வாங்கியது. ஒரு கைப்பிடி மண்ணைச் சுரண்டி எடுத்து அவனிடம் நீட்டினேன். என் பங்காக இதைப் போடு என்றேன். வாங்கினான். வாங்கி, என் முகத்தில் அறைந்தான்.

“நீயே வந்து போடு.”

கல்லை எறிந்துவிட்டு, மேலே போய்க்கொண்டிருந்த ஒரு முச்சக்கர வண்டியை மறித்து ஏறிப் போனான். சாரதி வேனைத் திருப்பி என்னைக் கஹவத்தையில் இறக்கிவிட்டார். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் அறை கிடைத்தது. கீழே வந்த பிறகு முழங்கை வலி திரும்ப வரவில்லை. அது குமிழியா, குத்தா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கணினி இல்லாததால் போனில் மணி பார்த்துக் கணக்கு வைத்தேன். இருட்டுவதற்குச் சற்று முன்னால், இப்போது குழிக்குள் இறக்குகிறார்கள் என்று நினைத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் இருபத்துநான்கு மணி நேரம் முடிந்த பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று சில மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். லயங்கள் காலியாக இருந்தன. மேடு இன்னும் சரியவில்லை. மயானத்தில் தம்பி மட்டும் நின்றான். தலையை மழித்திருந்தான்; கையில் கட்டு. மழை கரைத்த மண்ணை மண்வெட்டியால் குழிமேட்டில் திரும்ப அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்தினான். என் கால்களைப் பார்த்தான்.

“நேரம் முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு.”

“இப்ப அடிச்சா ஒண்ணும் ஆகாதுல்ல?”

“ஆகாது.”

மண்வெட்டியை மெதுவாகக் கீழே வைத்தான். கட்டுப் போடாத கையால், நேற்றுப் போட்டதை எல்லாம் விடப் பலமாக ஓர் அறை விட்டான். பின்னால் போய் விழப் பார்த்த என்னை, அதே கையால் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பிவிட்டுக் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தேன்.