மேட்டுக் கொல்லைக் கம்பு

ஐம்பதுகளில் குளத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனேன். நான் பிறந்தது ஆவுடையார்கோவில் பக்கம், நெல் வயல்களுக்கு நடுவில். புகுந்த வீட்டிலோ வந்த நாள் முதல் புழுதியும் புறணியும்தான். முன்வாசலில் மாமியார், கொல்லைப்புறம் போனால் நாத்தனார். நின்று மூச்சுவிட இடமில்லை.

தப்பிக்க ஒரே வழி திருச்சி. அங்கே ஒரு மில்லில் என் கணவருக்கு வேலை தயாராக இருந்தது. மாமனார்தான் விடவில்லை. மழை பொய்த்து, மேட்டில் போட்ட கம்பு இரண்டு வருடமாகக் கருகியிருந்தது. "இந்த வருசமும் வெளையலைன்னா இவளைக் கூட்டிக்கிட்டுப் போ" என்று மகனிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கும்பிட்ட சாமியிடமெல்லாம் கம்பு விளையக் கூடாதென்றே வேண்டிக்கொண்டேன்.

புது மருமகள் முதல் பிடி விதையை எங்கே போடுகிறாளோ அங்கேதான் அந்த வருட விதைப்பு. அது அந்த வீட்டு வழக்கம். கண்மாய்க்குக் கீழே பள்ளத்தில் எங்களுக்குக் களிமண் நிலம் இருந்தது. ஈரம் காக்கும் என்று ஊரே அந்த வருடம் பள்ளத்தில்தான் விதைத்தது. மேட்டிலோ செம்மண்ணும் சரளையும், ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். நெல் மண்ணைப் பார்த்து வளர்ந்தவளுக்கு எது உருப்படாத மண் என்று தெரியாதா? மேட்டில் ஏறி விதையை வீசினேன்.

"ஏத்தா, இங்கிட்டா?" என்றார் மாமனார்.

"இங்கிட்டுத்தான் மாமா. மனசுல பட்டுச்சு."

பிறகு பெய்தது பாருங்கள் மழை! பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, ஊரார் கம்பெல்லாம் மஞ்சளித்து வேர் அழுகிச் சாய்ந்தது. எங்கள் மேட்டில் மட்டும் பெய்ததெல்லாம் சரளை வழியே வடிந்து, கதிர் கனத்துத் தலை சாய்த்தது. கம்புக்குக் காலடியில் தண்ணீர் நிற்கவே கூடாதாம். நெல்லை மட்டுமே அறிந்த எனக்கு அது எங்கே தெரியும்?

"மண்ணு தெரிஞ்ச பொண்ணு" என்று மாமியார் எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார். நாத்தனார்கூடச் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அறுப்பு முடிந்த அன்று கணவர் சந்தோஷமாக வந்து உட்கார்ந்தார். "மில்லுக்கு வரலைன்னு ஆள் விட்டுச் சொல்லிட்டேன். ஒன் கைராசி இருக்கையில எங்கிட்டுப் போறது?"

விளையாது என்று நம்பித்தான் அந்த மண்ணைத் தேர்ந்தேன் என்று எப்படிச் சொல்வது?

"கம்பஞ்சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றேன்.